தண்ணீரில் ஐம்பது கிராம்

கத்தினால் யாருக்குக் கேட்கும்? இந்தச் சுவர் சத்தத்தைத் தின்றுவிடும்... அப்புறம் என்னையும்.

அவள் கத்தவில்லை.

நகைக்கடன் நிறுவனத்தின் பாதாள அறை. தரையில் தலைமை மதிப்பீட்டாளர் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது!

மேனேஜர் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். அவளுடைய அக்கா புருஷன்.

"இந்தக் கட்டி அசல்னு கிழவன் கையெழுத்துப் போட மாட்டேன்னான். இந்தத் தங்கக் கட்டியாலேயே அடிச்சேன். நீ போட்டுடு, ஊமைக்கோட்டான்."

"சோதிக்காம எப்படி அத்தான்?"

"சோதியேன்! மேல ஆடிட்டர் உட்கார்ந்திருக்கான். கேட்டா பதில் வேணும்."

இங்கே உதவி மதிப்பீட்டாளர் வேலை வாங்கித் தந்தவன். சம்பளத்தை மட்டுமல்ல, சிரிப்பைக்கூட அவனிடம் கேட்டுத்தான் இதுவரை செலவழித்திருக்கிறாள்.

கட்டியைத் துடைத்து நீட்டினான்.

உரைகல்லில் தேய்த்தாள். இருபத்திரண்டு காரட். தராசில் தொள்ளாயிரத்து ஐம்பது கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தாள்...

தொள்ளாயிரம்!

தண்ணீரில் குறைந்த எடை ஐம்பது. தொள்ளாயிரத்து ஐம்பதை அதால் வகுத்தால் அடர்த்தி.

கணக்கை இன்னொரு முறை போட்டாள்.

"எவ்வளவு?"

"பத்தொன்பது."

"தங்கத்துக்குப் பத்தொன்பதுதானேடி! பார்த்தியா, நான் செஞ்ச கட்டி பாஸ்!"

இன்டர்காம் அலறியது!

ஸ்பீக்கரை அழுத்தினான். மறுகை அவள் கழுத்தில்.

"வந்த நம்பரைச் சொல்லு. வேற ஒரு வார்த்தை வந்துச்சு..."

"ஏம்மா, உரைகல்லுல என்ன?" ஆடிட்டர் குரல்.

"இருபத்திரண்டு காரட் சார்."

"தண்ணியில?"

"பத்தொன்பது சார்."

ஸ்பீக்கரில் காகிதம் புரளும் சத்தம்...

"சபாஷ்! கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வாம்மா."

பேனா எழுதவில்லை என்றாள். வேறு பேனா தேடினாள். மெதுவாக... மிக மெதுவாக...

கதவு திறந்தது!

மாற்றுச் சாவியோடு ஆடிட்டர். பின்னால், வாசல் காவலுக்கு இருந்த போலீஸ்காரர்கள்!

"கோட்டை விட்டீங்களே மேனேஜர்! பத்தொன்பது சொக்கத் தங்கத்துக்கு. இருபத்திரண்டு காரட்னா செம்பு கலந்திருக்கும், பதினெட்டைத் தாண்டாது. மேல தங்கத் தோல், உள்ள தங்கம் அளவுக்கே கனக்கிற டங்ஸ்டன் உலோகம். அப்படித்தானே?"

அப்போதுதான் அவர் தரையைப் பார்த்தார்.

கையில் விலங்கு விழுந்ததும் அத்தானின் குரல் குழைந்தது.

"குட்டிம்மா... கிழவன் வழுக்கி விழுந்தான்னு சொல்லிடு. உங்க அக்கா நடுத்தெருவுல நிப்பா!"

பழக்கத்தில் தலை ஆடப் பார்த்தது. நிறுத்தினாள்.

"மாட்டேன் அத்தான்." மெதுவாகத்தான் சொன்னாள். "அக்கா சாப்பாட்டை நான் பாத்துக்கறேன். உங்க சாப்பாட்டை அரசாங்கம் பாத்துக்கும்!"