காலடியில் முட்டை

நவம்பர் 12, காலை 10:50.

தேவதாரு மரங்களில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் தொங்கின. கீழே, ஈர இலைகளின் மேல், விடுதி விருந்தாளிகள் உடுத்திக் கழற்றிய குளியல் அங்கிகள் சிதறிக் கிடந்தன. சலவை நிறுவனத்தின் வேன், சாலையிலிருந்து பன்னிரண்டு மீட்டர் கீழே ஒரு மரத்தில் மோதி நின்றிருந்தது. ஓட்டுநர் நெமொத்தோ தமொத்சு, வயது ஐம்பத்திரண்டு, இருக்கையிலேயே இறந்திருந்தார்.

துணை ஆய்வாளர் இகராஷி ஃபுமி கதவருகே வெகுநேரம் நின்றார்.  காவலர் ட்சுடா மேலே சாலையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். 

"மேல ரோட்டுல டயர் தேய்ஞ்ச தடம் ஒண்ணுகூட இல்ல. பிரேக்கே போடல. நேரா வந்து விழுந்திருக்காரு."

சாவி, என்ஜின் ஓடும்போது இருக்கும் நிலையில் இருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது.

"மோதின வேகத்துல நழுவியிருக்கும்," என்றான் ட்சுடா.

முகப்பில் ஒட்டியிருந்த சின்னப் பெட்டி மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நிறுவனம் எல்லா வண்டிகளிலும் பொருத்திய மைலேஜ் பெட்டி. சாவி போட்டதிலிருந்து ஓடிய தூரம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், இரண்டையும் காட்டும். தூரம் 0.00 என்றிருந்தது. மைலேஜ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்.

இறந்தவரின் சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் இருந்தது. 'எல்லோருக்கும் தொல்லை கொடுத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். நெமொத்தோ தமொத்சு.'

ட்சுடா தொப்பியைக் கழற்றினான்.

மேலே சாலையோரம் உருஷிஹாரா உட்கார்ந்திருந்தார். அதே நிறுவனத்தின் இன்னொரு ஓட்டுநர். பின்னால் வந்தவர், முதலில் பார்த்தவர்.

"எங்கிருந்து வந்தாரு அவரு?" என்று கேட்டார் இகராஷி.

"மலை மேல இருக்கிற விடுதியிலேருந்து. மூணு கிலோமீட்டர். அழுக்குத் துணிய ஏத்திக்கிட்டு எனக்கு முன்னாடி கிளம்பினான்."

"நீங்க எதையாவது தொட்டீங்களா?"

"கழுத்துல நாடி பார்த்தேன்."

"வண்டியில?"

"எதையும் தொடல."

"எத்தனை வருஷப் பழக்கம்?"

"இருபத்தொண்ணு." அந்த எண்ணைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

மதியம் 2:15. நிறுவனத்தின் காலைக் கூட்ட அறை.

சுவரில் பலகை. எட்டுப் பெயர்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் முந்தைய மாத மைலேஜ். மேலே கொட்டை எழுத்தில்: 'காலடியில் முட்டை இருப்பதாக நினைத்து மிதி.' முதல் பெயர் உருஷிஹாரா. கடைசிப் பெயர் நெமொத்தோ.

"அவருக்குக் கால் கனம்," என்றார் கிளைத் தலைவர் காகிசாகி. "சிக்னல் பச்சையானதும் பாய்வாரு. உருஷிஹாரா வேற மாதிரி. சிவப்பைத் தூரத்துல பார்த்ததுமே காலை எடுத்துடுவாரு. அவர் போயிட்டு வந்தா கிளம்பினப்ப இருந்ததைவிட டேங்க்ல ஜாஸ்தி இருக்கும்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்க." சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இகராஷி தாளை நீட்டினார்.

காகிசாகி படித்தார். காது சிவந்தது. "இது... வருத்தக் கடிதம். ஒவ்வொரு மாசமும் பலகையில கடைசி இடம் யாருக்கோ, அவர் எழுதிக் கொண்டுவந்து காலைக் கூட்டத்துல நின்னு வாசிக்கணும். நாளைக்கு வாசிக்க வேண்டியது."

"எத்தனையாவது தடவை?"

"தொடர்ந்து மூணாவது."

"நீங்களே ஏன் இதைச் சொல்லல?"

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

நவம்பர் 13, காலை 11:00.

நெமொத்தோவின் வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு, முன்பக்கம் வெளியே பார்த்தபடி ஒழுங்காக இருந்தது. மனைவி கினுயே தேநீர் வைத்தாள். அவளுடையது தொடப்படாமலே ஆறியது.

"கடிதம் கம்பெனிக்காக எழுதினது," என்றார் இகராஷி. "விடைபெற எழுதினது இல்ல."

"சரி." கினுயே தலையசைத்தாள். "ஆனா பிரேக் போடலையாமே."

இகராஷி தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அன்னிக்குக் காலையில நான்தான், 'என்னங்க, இந்த மாசமும் கடைசிதானா?'ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். அவரும் சிரிச்சாரு." அவள் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "நேத்து ராத்திரி உருஷிஹாரா-சான் ஊதுவத்தி ஏத்த வந்தாரு. 'உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?'ன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லலைன்னாரு."

கிளம்பும்போது இகராஷி வாசலில் குனிந்து காலணி மாட்டினார். கினுயே தானாகவே பேசினாள். "செருப்பைக்கூடத் திருப்பி வைக்க மாட்டாரு. உள்ளே பார்த்தபடி அப்படியே விட்டுட்டு ஏறிடுவாரு. நான் தினமும் திட்டிக்கிட்டே திருப்பி வைப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சாகணும்னு நினைச்சாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு."

மாலை 4:40. காவல் நிலையம்.

இறந்தவரின் காலணிகளை இகராஷி விளக்கின் கீழே கவிழ்த்து வைத்தார். வலது அடியில் ஐந்து நேர்க்கோடுகள் ஆழமாகப் பதிந்திருந்தன. இடது அடியிலும் அப்படியே.

"இடது கால் கிளட்ச்ல இருந்திருக்கும்," என்றான் ட்சுடா.

"கிளட்ச் மிதி தேய்ஞ்சு வழவழன்னு இருக்கு. வரி இருக்கிறது பிரேக் மிதியில மட்டும்தான்."

ட்சுடா மறுபடி பார்த்தான். "அப்படின்னா ரெண்டு காலாலயும் பிரேக்கை மிதிச்சிருக்காரு! அப்புறம் ஏன் வண்டி நிக்கல?"

"அதைத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு," என்றார் இகராஷி.

நவம்பர் 14, காலை 9:30.

உருஷிஹாரா ஓட்ட, இகராஷி பக்கத்தில் உட்கார்ந்தார். அதே விடுதி, அதே இறக்கம். உருஷிஹாராவின் கால் மிதியில் பட்டும் படாமலும் இருந்தது. உண்மையிலேயே அங்கே ஒரு முட்டை இருந்தால் உடைந்திருக்காது. முன்னால் போன வண்டியோடு நல்ல இடைவெளி. அவர் ஓட்டுவது பார்க்க அழகாக இருந்தது.

முதல் நீண்ட சரிவு தொடங்கியது. அவருடைய வலது கை ஸ்டியரிங்கை விட்டுச் சாவியை நோக்கிப் போனது. தொடும் தூரத்தில் நின்றது. திரும்பி வந்தது.

"ஓரமா நிறுத்துங்க," என்றார் இகராஷி.

உருஷிஹாரா வண்டியை ஓரங்கட்டினார். சாலையில் இலைகள் விழுந்துகொண்டிருந்தன.

"நேத்து வரைக்கும் எனக்கு ஒரு எண்தான் கையில இருந்துச்சு," என்றார் இகராஷி. "பூஜ்யம். விடுதியிலேருந்து மூணு கிலோமீட்டர் வந்த வண்டி, புறப்படவே இல்லைன்னு காட்டுது. சாவியை அணைச்சுத் திரும்பப் போட்டா பெட்டி முதல்லேருந்து எண்ண ஆரம்பிக்கும். இறக்கத்துல அவரே திரும்பப் போட்டிருந்தா கொஞ்சமாவது தூரம் ஏறியிருக்கும். ஏறல. மரத்துல மோதி நின்ன பிறகுதான் யாரோ போட்டிருக்காங்க. அங்க முதல்ல போனது நீங்க."

உருஷிஹாரா கண்ணை மூடினார்.

"பெட்ரோல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல தள்ளி, என்ஜினை அணைச்சுட்டு இறங்கறது. அதானே? என்ஜின் ஓடற வரைக்கும்தான் அதோட பலம் பிரேக்குக்குத் துணை. அணைச்சா ரெண்டு மூணு மிதி தாங்கும். அப்புறம் மிதி கல்லு மாதிரி இறுகிடும். சக்கரம் நிக்காது, ரோட்டுல தடமும் விழாது."

"வளைவுக்கு முன்னாடி திரும்பப் போட்டுடணும்னு சொல்லித்தான் குடுத்தேன்." என்றார் உருஷிஹாரா. "போன மாசம் கடிதம் வாசிக்கறப்ப அவன் கையில தாள் ஆடுச்சு. சின்னப் பசங்க குனிஞ்சுக்கிட்டு நின்னானுங்க. என்னால பார்க்க முடியல. நான் வருஷக்கணக்கா செய்யறதுதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"சாவியை ஏன் திருப்பினீங்க?"

"அணைஞ்சிருக்கிறதைப் பார்த்தா, யார் சொல்லிக் குடுத்தான்னு கேப்பாங்கல்ல? கை தானா போயிடுச்சு. தற்கொலைன்னு பேசுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. அப்புறம்..."

"அப்புறம் ரெண்டு நாள் ஆச்சு. கினுயே-சான் உங்க முகத்துக்கு நேரா கேட்டாங்க."

அவர் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்தார்.  மீதியைச் சொல்ல இகராஷிக்கு விருப்பமில்லை. ஆனால் அது உருஷிஹாராவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"மெக்கானிக்கிட்ட விசாரிச்சேன். இந்த வண்டியில கியர் போட்டபடியே ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்தாலே போதுமாம். இறக்கத்துல பெட்ரோல் போறது தானா நின்னுடுமாம். சாவியை அணைக்கிறதால இந்தச் சரிவுல மிச்சமாகறது ஒண்ணுமே இல்ல. நீங்க முதல் இடத்துல இருந்தது உங்க காலால. சாவியால இல்ல."

உருஷிஹாரா நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாவியைப் பார்த்தார். 

பகல் 1:00. நெமொத்தோவின் வீடு.

கினுயே எல்லாவற்றையும் முழங்காலில் கைவைத்துக் கேட்டாள். உருஷிஹாராவின் பெயர் வந்தபோது கண் ஒருமுறை மூடித் திறந்தது. அவ்வளவுதான்.

இகராஷி காகிதப் பையிலிருந்து காலணிகளை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"பிரேக் போட்டாரு. முழு பலத்தோட."

கினுயே விரலால் கோடுகளைத் தொட்டாள். வலது. பிறகு இடது.

"ரெண்டு காலாலயுமா?"

"ரெண்டு காலாலயும்."

அவள் எழுந்தாள். காலணிகளை மார்போடு அணைத்து வாசலுக்குப் போனாள். இப்போதுதான் ஒருவர் கழற்றிவிட்டு வீட்டுக்குள் ஏறியதுபோல, முன்பக்கம் உள்ளே பார்த்தபடி அவற்றைத் தரையில் வைத்தாள்.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். திருப்பி வைக்கவில்லை.