கூப்பிட்ட குரலுக்கு

மனித நாகரிகம் சக்கரத்தில் தொடங்கியது என்று சொல்பவர்கள் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் அல்ல. ஒருவன் கூப்பிட்ட முதல் குரலுக்கே இன்னொருவன் பதில் சொன்னானே, அன்றைக்குத்தான் அது தொடங்கியது. ஸ்டேஷன் மாஸ்டர் பத்மநாபனின் தீர்மானமான கருத்து இது. நிஜாம் ராஜ்யத்து மாரெட்பள்ளியில் இதைக் கேளாதவர் இல்லை. உட்கார்ந்து கேட்டு முடித்தவரும் இல்லை.

நாகரிகத்துக்கு எதிர்க்கட்சி அவர் வீட்டு அடுக்களையிலேயே இருந்தது. விளக்கு வைத்த பிறகு வாசலில் யார் கூப்பிட்டாலும், மூன்றாம் தடவை கூப்பிடும்வரை கனகவல்லி வாயைத் திறக்க மாட்டாள். மனுஷர் அல்லாத மற்றதுகள் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்பது அவள் பிறந்த வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை மதித்து ஒரு தந்திச் சேவகன் இரண்டு முறை கூவிவிட்டுத் திரும்பிப் போனதில், பத்மநாபனின் மாற்றல் உத்தரவு ஒரு நாள் தாமதமாக வந்தது. "எங்க துரை ஒரு தடவைதான் கூப்பிடுவார். அவர் விஷயத்துல மட்டும் உன் சாஸ்திரம் சரி" என்று அவளிடம் சொன்னதை, அவர் ஆபீஸ் முழுக்கவும் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஒன்பது வயது மகள் பாமாவை அவர் தம் கட்சியில் வளர்த்தார். 'பா' என்று தொடங்கினாலே "ஹவ், நான்னா!" என்று எதிரில் வந்து நிற்பாள். ஆமாம் என்பதற்கு ஹவ், தெருவில் பொறுக்கியது. நான்னா பள்ளிக்கூடத்துத் தெலுங்கு. தமிழை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்வாள். ஒரு தடவையாவது அப்பா என்று கூப்பிடேன்டி என்று அவர் கெஞ்சியும் பலிக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷம் மணிக்குப் பதில் சொன்னவர் அவர். பக்கத்து ஸ்டேஷன்காரன் அங்கே கருவியைத் தட்டினால் இங்கே மணி அடிக்கும். ஒரு தட்டு என்றால், கவனி. இரண்டு என்றால், வண்டி அனுப்பலாமா, லைன் கிளியரா. மூன்று, வண்டி கிளம்பிவிட்டது. நான்கு, வண்டி வந்து சேர்ந்தது. கேட்டதை அப்படியே திருப்பித் தட்டினால் சம்மதம். சம்மதித்த பிறகு தன்னிஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது. வருவது வந்தே தீரும். கொஞ்ச நாளாகத் தூக்கத்திலும் அவர் விரல் கட்டில் சட்டத்தில் தட்டத் தொடங்கியிருந்தது. ரயில்வே டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, பதினைந்து நாள் மணிச் சத்தமே இல்லாத இடத்துக்குப் போ என்று எழுதிக்கொடுத்தார்.

கனகவல்லி ஊட்டி என்றாள். இலவசப் பாஸோ நிஜாம் ராஜ்யத்து லைனுக்கு மட்டும்தான். எனவே விகாராபாதில் இறங்கி, ஒரு பகல் முழுக்க மாட்டு வண்டியில் குலுங்கி, மலைமேல் இருந்த ஓர் ஏரிக்கு வந்து சேர்ந்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வழியாக லைன் போடலாமா என்று அளக்க வந்தவர்கள் அங்கே ஒரு பங்களா கட்டியிருந்தார்கள். ஏரிக்கரைவரை அளந்துகொண்டு வந்தவர்கள் கரையோடு நிறுத்திவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஏன் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. பதினைந்து மைலுக்குள் தண்டவாளம் கிடையாது. பங்களாக் காவல்காரர் ஆரோக்கியசாமி வேலூர்ப் பக்கத்துக்காரர். காலையில் வந்து தண்ணீர் இறைத்து வைப்பார், நான்கு மணிக்கெல்லாம் வண்டியைக் கட்டிக்கொண்டு கீழே ஊருக்குப் போய்விடுவார். ராத்திரி தங்கினால் என்னவாம் என்று கேட்டதற்கு, முழங்கால் வலி சாமி என்றார்.

ஏரி அழகாகத்தான் இருந்தது. ஆனால் சத்தமே போடவில்லை. தவளை இல்லை, பூச்சி இல்லை, காற்றில் நாணல் வளைந்தபோதுகூட உரசல் இல்லை. நனைந்த கரியின் வாசனை மட்டும் தண்ணீரிலிருந்து எழுந்து, துவைத்துப் போட்ட துணியில் ஏறியது. முதல் நாள் பொழுது சாயும்போது, எதிர்க்கரையிலிருந்தோ அடியிலிருந்தோ ஒரே ஒரு முறை, டிங். பத்மநாபன் காதைக் குடைந்துகொண்டார். இரண்டாம் நாளும் அதே நேரத்துக்கு, டிங். கனகவல்லி அடுப்படியில் கரண்டியை அசைக்காமல் நின்றாள். தனக்கும் கேட்டதென்று அவள் சொல்லவில்லை. அவரும் விசாரிக்கவில்லை. இரண்டு பேருக்கும் அத்தனை அசதி.

மூன்றாம் நாள் ஆரோக்கியசாமியின் வண்டிச் சத்தம் மலைவளைவில் தேய்ந்து மறைந்த பிறகு, பத்மநாபன் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். பாமா படியில் கூழாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். அவர் கையில் காப்பி குடித்து முடித்த பித்தளை டம்ளர். இருபத்திரண்டு வருஷத்துத் தூக்கமும் ஒன்றாகச் சேர்ந்து இமைமேல் உட்கார்ந்தது.

டிங்.

மோதிரம் போட்ட விரல் தானாக எழுந்து டம்ளரைத் தட்டியது. டிங்.

டிங், டிங்.

அவரும் தட்டினார். டிங், டிங்.

விரல் அந்தரத்தில் நிற்க விழித்துக்கொண்டார். பாமா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா தட்டினே?"

"நக்கோ நான்னா. நீங்கதான். அங்கேருந்து ரெண்டு, இங்கேருந்து ரெண்டு."

அப்போது தண்ணீரிலிருந்து மூன்று.

கனகவல்லி ஈரக்கையோடு வந்து நின்றாள். "ஏன்னா, அதுக்குப் பதில் சொன்னேளா?"

"தூக்கக் கலக்கம்."

"என்னன்னு சொன்னேள்?"

"வரலாம்னு."

"எது?"

பத்மநாபனுக்கு வெட்கமாக இருந்தது. என்ன வண்டி என்று கேட்காமல் ஒரு நாளும் லைன் கொடுத்தவர் அல்ல அவர். டம்ளரை எடுத்துக்கொண்டு வராந்தா ஓரத்துக்குப் போய் ஐந்து முறை தட்டினார். ஐந்து என்றால் ரத்து. பதில் இல்லை. ஆறு தட்டினார். ஆறு என்றால் ஆபத்து, நிறுத்து. பதில் இல்லை. மறுபடி ஐந்து. மறுபடி ஆறு. "ரைல் வருதா நான்னா? பாத்துட்டு வரேன்" என்று பாமா அவரைத் தாண்டி ஓடியது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. ஏரியின் நடுவில் இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒரே அகலத்தில், வளையாமல், கரையைப் பார்த்து நீண்டுகொண்டிருந்தன. நாணல் இரண்டாகப் பிரிந்தது. கரி வாசனை தொண்டையை அடைத்தது. பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது. ஒன்றுமில்லை. ஒன்றுமே வரவில்லை.

இருட்டத் தொடங்கியிருந்தது.

"பாமா" என்று கனகவல்லி கூப்பிட்டாள்.

பதில் இல்லை.

"பாமா."

இல்லை.

"பாமா."

"இதோ வரேம்மா" என்று கொல்லைப்புறத்திலிருந்து வந்தாள். தலை நனைந்திருந்தது. எங்கேடி போனே என்றதற்கு அவரைப் பார்த்து, "தண்ணிகிட்ட நின்னேன், அப்பா" என்றாள்.

முதல் தடவையாக அப்பா. வேறு ஒரு நாளாக இருந்தால் அவர் அதை மாரெட்பள்ளி முழுக்கச் சொல்லியிருப்பார். கனகவல்லிக்கும் ஒரு சின்னப் பெருமை: மூன்றாம் தடவைக்குத்தான் பதில் சொன்னது குழந்தை, பயத்திலாவது புத்தி வந்ததே என்று தலையைத் துவட்டிவிட்டாள். எத்தனை துவட்டியும் ஈரம் போகவில்லை.

கதவைத் தாழிட்டு, மேசையை முட்டுக்கொடுத்து, ஒற்றை அறையில் படுத்தார்கள். மணி ஏழுகூட ஆகவில்லை. விடிந்தால் ஆரோக்கியசாமியின் வண்டி வரும். ஏறிக்கொண்டு போய்விடலாம். அதுவரைதான். நடுவில் பாமா, தலையோடு போர்த்திக்கொண்டிருந்தாள். அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் சுவரில் தண்ணீர் போல் ஆடியது.

"நான்னா."

வெளியிலிருந்து. தூரத்திலிருந்து.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி உட்கார்த்தியது. வாய் திறந்துவிட்டது. பக்கத்தில் பார்த்தார். போர்வை மெதுவாக ஏறி இறங்கியது. குழந்தை இங்கே இருக்கிறாள். இங்கேதான் இருக்கிறாள். அப்படியானால் அது.

பத்மநாபன் தம் வாயைத் தம் கையாலேயே பொத்திக்கொண்டார். கனகவல்லி அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. ஒரு விரலை மட்டும் காட்டினாள்: ஒன்று.

வெற்றுக் காலடிகள் ஓடி வந்தன. வராந்தா. கதவு. அடிப்பலகையில் நகங்கள். பல் கிட்டி நடுங்கும் அழுகை, அவருக்கு நன்றாகத் தெரிந்த அழுகை.

"நான்னா, தலுப்பு தீயி."

கதவைத் திறக்கச் சொன்னது. இரண்டு.

அவர் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். இன்னும் ஒரே ஒரு தடவை. அந்த ஒன்று வந்துவிட்டால் மனுஷக் குரல். திறந்துவிடலாம். நகங்கள் நின்றன. கேவல் ஒன்று தொடங்கி, பாதியில் அமுங்கியது. வராந்தா பலகைகள்மேல் எதையோ இழுத்துக்கொண்டு போகும் சத்தம். படி. மணல். ரொம்பத் தள்ளி, சின்னதாகத் தண்ணீர்.

மூன்றாவது வரவில்லை.

கனகவல்லி சுவரைப் பார்த்துக் கைகூப்பினாள். பத்மநாபன் அடக்கியிருந்த மூச்சை விட்டார். கூப்பிட்ட குரலுக்கு அவர் பதில் சொல்லாதது ஆயுசில் அன்றைக்குத்தான். உடம்பெல்லாம் தளர்ந்து, தூக்கம்கூட வரும்போல இருந்தது.

போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது. சில்லென்று இருந்தது. அவர் கையைத் தேடி, விரல்களைத் தடவி, மோதிரத்தைக் கண்டுபிடித்தது. நகத்தால் தட்டியது.

டிங். டிங். டிங். டிங்.

நான்கு. வந்து சேர்ந்தது.

பிறகு மோதிரத்தின் மேலேயே நின்றது, பதிலுக்கு.