வகைப்படாத இருபத்திரண்டு நிமிடங்கள்

காலை இட்லியோடு பிள்ளைகளின் முந்தைய நாள் கவன அறிக்கையையும் பார்த்துவிடுவது நிழல்மேட்டில் எல்லா வீட்டிலும் வழக்கம். நிலாவின் தென்முனையில் ஒரு பள்ளத்துக்குள் கட்டப்பட்ட குடியிருப்பு அது. அங்கே பிறக்கும் குழந்தைக்கு ஐந்து வயதானதும் காதுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் ஒரு கவனமானியைப் பதித்துவிடுவார்கள். மனம் கணக்கில் இருந்ததா, வரலாற்றில் இருந்ததா, பை அடுக்குவதில் இருந்ததா என்று அது நிமிடத்துக்கு நிமிடம் ஒழுங்கனுக்குச் சொல்லும். ஒழுங்கன் என்பது வீட்டுச் சுவர்களில் குடியிருக்கும் குரல். பிள்ளைகளுக்கு அட்டவணை போடுவதும், அதன்படி எழுப்பி, உட்காரவைத்து, படிக்கவைப்பதும் அதன் வேலை.

செண்பகவல்லி அன்று இட்லியைப் பிட்ட கையோடு நின்றுவிட்டாள்.

"என்னங்க, இன்னிக்கும் அதே இருபத்திரண்டு நிமிஷம்."

கணவன் இன்பசேகரன் எட்டிப் பார்த்தான். பதினொரு வயது மகள் துளிரின் அறிக்கையில், மாலை ஐந்து பத்திலிருந்து ஐந்து முப்பத்திரண்டு வரை ஒரு சாம்பல் நிறப் பட்டை. தொடர்ந்து ஒன்பதாவது நாள்.

"ஒழுங்கா, அந்த நேரத்துல இவ என்ன பண்றா?"

"வகைப்படாத கவனம், அம்மா. நான் கொடுத்த எந்த வேலையோடும் அது பொருந்தவில்லை. தண்ணீர் அறையில் இருக்கிறாள். அங்கே எனக்குக் கண் இல்லை."

கதிர்வீச்சைத் தடுக்க நாற்புறமும் தண்ணீர்த் தொட்டிகள் சூழ்ந்த சிறிய அறை அது. சூரியப் புயல் எச்சரிக்கை வந்தால் தவிர யாரும் அதற்குள் போவதில்லை.

"ஏதாவது கணினி விளையாட்டுச் சில்லு கிடைச்சிருக்கும்" என்றான் இன்பசேகரன்.

"சில்லுன்னா தேவலையே. கவனமானியை ஏமாத்த யாராவது கத்துக்கொடுத்திருந்தா?"

அன்று முழுக்கச் செண்பகவல்லிக்குப் பனிச்சுரங்க வேலையில் மனம் ஒட்டவில்லை. இப்போதெல்லாம் துளிரின் மேசை சொல்லாமலே சுத்தமாக இருப்பதும், அவள் பையில் எதையும் மறக்காததும் நினைவுக்கு வந்தன. நேற்றுவரை அவற்றில் பெருமைப்பட்டவள், இன்று அவற்றையே தடயங்களாக எண்ணினாள். எதையோ மறைக்கத்தானே இவ்வளவு ஒழுங்கு?

மாலை ஐந்தேகாலுக்கு இருவரும் செருப்பில்லாமல் நடந்துபோய்த் தண்ணீர் அறையின் கதவைச் சட்டென்று திறந்தார்கள். துளிர் தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். காலி விதைப் பொட்டலத்தைப் பிரித்த காகிதம், கையில் ஒரு துண்டுப் பென்சில். செண்பகவல்லி காகிதத்தைப் பிடுங்கினாள்.

'பின்னம் இன்னும் புரியல. நாளைக்கு அதை முதல்ல எடுக்கணும். சாப்பிட்ட உடனே படிச்சா தூக்கம் வருது, குளிச்சப்புறம் நல்லா ஏறுது. பைக்கு அளவுகோல். கயல்கிட்ட வாங்கின புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கணும்.'

"இது யார் போட்டுக்கொடுத்த அட்டவணை?"

"யாரும் இல்லம்மா. நானேதான்."

"அப்ப யார் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அப்படியொரு பதிலை அவர்கள் கேட்டதே இல்லை. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வேறு ஒன்றும் அகப்படவில்லை. இன்பசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. செண்பகவல்லி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு நேரே கூடத்துச் சுவரிடம் போனாள்.

"ஒழுங்கா, நாளையிலிருந்து இதையும் அட்டவணையில சேர்த்துடு. சுயதிட்டப் பயிற்சி, ஐந்து பத்து."

"இதற்கு நான் வேண்டாம் அம்மா. அவளாகவே செய்கிறாள்."

செண்பகவல்லி கணவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பாத்தீங்களா, வேலையைத் தட்டிக் கழிக்குது. இதை ஒருதடவை பழுது பாக்கச் சொல்லணும்."

விஷயம் அடுத்த வீட்டுக்குப் போனது, அங்கிருந்து பள்ளிக்குப் போனது. இரண்டே மாதத்தில் நிழல்மேட்டில் சுயதிட்டப் பயிற்சி மையம் திறந்தார்கள். நுழைவுத் தேர்வுக்கு நூற்று நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். மேற்பார்வையாளர் முன்னால், கண்ணாடித் திரையில், ஆறு நிமிடத்துக்குள் நாளைய திட்டத்தைத் தானாக முன்வந்து எழுத வேண்டும். துளிர் முதல் நான்கு நிமிடம் சும்மா யோசித்துக்கொண்டிருந்தாள். நூற்றுக்கு முப்பத்தொன்று. 'சுயமாகச் செயல்படும் பழக்கம் போதாது' என்று குறிப்பு எழுதி, அவளைப் பின்தங்கியோர் பிரிவில் போட்டார்கள்.

திரும்பும் வழியில் செண்பகவல்லிக்கு ஆறவே இல்லை.

"வீட்டுல நல்லாத்தானேடி செஞ்சே? இங்க என்ன ஆச்சு?"

"வீட்டுல யாரும் பாக்கலையேம்மா."

செண்பகவல்லி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். வீடு வந்ததும் ஒழுங்கனைக் கூப்பிட்டு, இந்தப் பாடத்துக்கு மட்டும் தனியாக டியூஷன் எடுக்க யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தாள்.