ஒரு சாண் ஷட்டர்

குளித்துவிட்டு வந்த உடையப்பன் விரலில் கிடந்த வெள்ளி மோதிரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டான். கன்னங்கரேலென்று இருந்தது. நேற்றுத்தான் புளி போட்டுத் தேய்த்தான். சன்னலைச் சாத்தி வைத்தும், சதுப்புப் பக்கமிருந்து வந்த அழுகிய முட்டை நாற்றம், அடுப்பில் கொதித்த இறால் குழம்பின் மணத்தோடு கலந்து, மாலை நான்கு மணி வெயிலில் கூடம் முழுக்க அசையாமல் நின்றது.

கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே, ஆறு கடலில் சேருமிடத்தில் மதகின் இரும்பு ஷட்டரை ஏற்றி இறக்கும் பொதுப்பணித் துறை லஸ்கர் அவன். கடல் ஏறும்போது இறக்கிவிட வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது. ஆனால் அமாவாசை ஏற்றத்தில் ஒரு சாண் தூக்கி வலை கட்டினால் இறால் கொட்டும். அவனுக்கு முன்னால் இருந்தவர்களும் செய்ததுதான். அப்போது ஏறிய தண்ணீர் மறுநாளே வடிந்தது. இப்போது கடலே உயர்ந்துவிட்டது. வந்த தண்ணீர் திரும்புவதில்லை. சதுப்பில் தேங்கி, கோரையை அழுகவைத்து, கறுப்புச் சேற்றிலிருந்து வெள்ளியையே கறுக்கவைக்கும் விஷவாயுவைக் கிளப்பியது; அது மண்ணுக்கடியில் கசிந்து கிணறுகளிலும் தேங்கியது. மூன்று மாதத்துக்கு முன் தன் கொல்லை உறைக்கிணற்றில் தூரெடுக்க இறங்கிய பக்கத்து வீட்டு நாகராசு மேலே ஏறவே இல்லை. மாரடைப்பு என்றார்கள். உடையப்பனும் தலையாட்டினான்.

வாசலில் நிழல். நாகராசுவின் மனைவி சொர்ணவல்லி. தோளில் கயிற்றுச் சுருள்.

"என்னண்ணே, எறா வாசம் தெருவையே தூக்குது! தங்கச்சிக்கு ரெண்டு குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கெணத்துத் தண்ணி மறுபடியும் கரிக்குதுண்ணே. ஷட்டரு எறக்கித்தான இருக்கு?"

"எறக்கித்தாம்மா இருக்கு." நேற்று அமாவாசைக்குத் தூக்கிய ஒரு சாண் இன்னும் அப்படியேதான் இருந்தது.

"அப்பக் கெணத்துலதான் கோளாறு. அவரு விட்ட வேலைய நானே பாத்துர்றேன். ஆளுக்குக் கூலி குடுத்து மாளாது."

"இறங்காதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாள். வேலை போகும். நாகராசுவின் சாவும் தன் தலையில் விழும்.

"பாத்து எறங்கும்மா" என்றான்.

அவள் போனாள். அடுப்பை அணைத்தான். அணைத்த பிறகும் கொதிக்கிற சத்தம் நிற்கவில்லை. களக்... களக்... சட்டியிலிருந்து இல்லை. வெளியே, சதுப்பில், சேறு குமிழி விட்டு உடைகிற சத்தம். அது வேலியைத் தாண்டியது. வாசலுக்கு வந்தது. அவன் காலடிச் சிமெண்டுத் தரைக்குக் கீழே, யாரோ தண்ணீருக்குள்ளிருந்து பேச முயல்வதுபோல, களக்கென்றது.

ஷட்டருக்கு ஓடினான். சக்கரத்தைத் திருகினான். இறங்கவில்லை. முழு உடம்பையும் போட்டு அழுத்தினான். கீழிருந்து ஏதோ தாங்கிப் பிடித்தது.

"சொர்ணவல்லீ! எறங்காத! நான்தான்... நான்தான் தொறந்து விட்டேன்!"

கத்திக்கொண்டே அவள் கொல்லைக்கு ஓடினான்.

கிணற்று மேட்டில் அவள் செருப்பு. வேப்பமரத்தில் கட்டிய கயிறு விறைத்து உள்ளே போயிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

கிணறு ஏறிக்கொண்டிருந்தது. கடல் ஏற ஏற.

கறுப்புத் தண்ணீர். அதில் மல்லாந்த முகம். சொர்ணவல்லி. கண் திறந்திருந்தது.

பக்கத்தில் இன்னொரு முகம். மூன்று மாதத்துக்கு முன் சுடுகாட்டில் அவன் தோள் கொடுத்து இறக்கிய நாகராசுவின் முகம்.

தண்ணீர் ஓர் உறை உயரம் ஏறியது. இன்னோர் உறை.

எட்டிப் பார்த்தவன் அப்படியே குனிந்து நின்றான்.

தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்றது. இரண்டு முகங்களும் அவன் முகத்துக்கு நேராக வந்தன. வாய்கள் மெல்லத் திறந்தன.