இருண்ட கைக்கடல்

சனிக்கோளின் நிலவான டைட்டனில் மழை அவசரப்படாது. மீத்தேன் துளிகள் கோலிக்குண்டு அளவுக்குத் திரண்டு, பூ உதிர்வதுபோல் மிதந்து வந்து நகரின் கண்ணாடிக் கூரையில் அமரும். அதன் அடியில், பாசிப்பண்ணை வேலை முடிந்து வந்த நப்பின்னையும் பனிச்சுரங்கத்திலிருந்து திரும்பிய அவள் கணவன் ஆதனும் வழக்கம்போல் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு கைக்கடலை எடுத்துக்கொண்டார்கள்.

கைக்கடல் உள்ளங்கை அளவு விளையாட்டுக் கருவி. அதன் உயிராடி என்னும் கண்ணாடித் திரைக்குள் ஒளிவிடும் நுண்ணுயிர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கடலைக் காட்டும். கட்டைவிரலால் பாய்மரப் படகை ஓட்டித் தீவு தீவாகப் போகலாம். கடலையே பார்த்திராத அந்த ஊரில் கைக்கடல் இல்லாத கை கிடையாது. கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே படகில் போனார்கள். பிறகு ஆளுக்கொரு படகு. பேச்சு குறைந்துபோனதை இருவருமே கவனிக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் கடல் வெளுக்கத் தொடங்கியது. முதலில் நீலம் போயிற்று. அப்புறம் மீன்கள். பூமியில் அந்த நுண்ணுயிரை வளர்ப்பதையே நிறுத்திவிட்டார்களாம். இருப்பவை மூப்படைந்து அணைந்துகொண்டிருந்தன. சிலர் கருவியைக் கம்பளியில் சுற்றி மார்போடு அணைத்துத் தூங்கினார்கள். பக்கத்து வீட்டு மருதி தன்னுடையதைப் பாசித்தொட்டியில் அடக்கம் செய்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ‘வாழ்நாள் உத்தரவாதம் என்றீர்களே’ என்று கேட்டவர்களுக்கு நிறுவனம் பணிவாகப் பதில் அனுப்பியது: அது கருவியின் வாழ்நாள்.

கடைசியில் எல்லாத் திரைகளும் இருண்டன. எதிரே இருப்பவனிடம் என்ன பேசுவதென்றே நப்பின்னைக்குத் தெரியவில்லை. ஆதனின் கட்டைவிரல் மட்டும் பழக்கதோஷத்தில் செத்த கண்ணாடிமேல் அசைந்துகொண்டிருந்தது.

“எங்க போறீங்க?” என்று சும்மா கேட்டுவைத்தாள்.

ஆதனுக்கு வெட்கமாக இருந்தது. “தெற்குப் பக்கம். காத்து நல்லா இருக்கு.”

“நானும் வரட்டா?”

“வா. அலை பெருசு, கெட்டியாப் பிடிச்சுக்கோ.”

அன்று அவர்கள் போன தீவு எந்தக் கைக்கடலிலும் இருந்ததில்லை. அங்கே மரங்கள் தூக்கத்தில் முணுமுணுத்தன. மணல் பாலாடைபோல் காலை உள்வாங்கியது. கரையில் உட்கார்ந்து, சிறுவயதில் பனிச்சுரங்கத்தில் தொலைந்துபோனதை ஆதன் முதல்முறையாகச் சொன்னான். அவள் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மெல்ல மெல்ல ஊரே அப்படி ஆயிற்று. இருண்ட கருவிகளோடு பொதுக்கூடத்தில் கூடினார்கள். “நம்ம படகுல இடமிருக்கு, ஏறுங்க” என்று முன்பின் தெரியாதவர்களை அழைத்தார்கள். மருதிகூடத் தொட்டியில் கைவிட்டுத் தேடித் தன்னுடையதை எடுத்துவந்தாள்.

செய்தி நிறுவனத்தின் காதுக்கு எட்டியது. அடுத்த விண்கப்பலில் புதிய கைக்கடல் வந்திறங்கியது. நுண்ணுயிர் இல்லை, ஒளி இல்லை. பிறவியிலேயே இருண்ட கண்ணாடி. பழையதைவிட மெல்லியது, இருட்டும் அடர்த்தி என்றார்கள்.

“நம்மகிட்டதான் இருக்கே” என்றாள் நப்பின்னை.

“இதுல ஓரமெல்லாம் சாம்பல் பூத்திருக்கு பாரு. புதுசுல சுத்தமான கறுப்பு” என்றான் ஆதன்.

அவளும் உற்றுப் பார்த்தாள். சாம்பல் பூத்துத்தான் இருந்தது. வரிசையில் நின்று ஆளுக்கொன்று வாங்கி வந்தார்கள்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. “இன்னிக்கு எந்தத் தீவுக்குப் போறோம்?” என்று நப்பின்னை கேட்டாள்.

ஆதன் நிமிரவில்லை. கன்னங்கரிய கண்ணாடியில் அவன் விரல் பறந்தது. “கொஞ்சம் இரு, பின்னை. முக்கியமான இடத்துல இருக்கேன்.”

அவள் கொஞ்சம் இருந்தாள். பிறகு தன்னுடையதை எடுத்துக்கொண்டு, தனியாகவே கரையைவிட்டுக் கிளம்பினாள்.