பாசிக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

"பேர் சொல்லிக் கூப்பிட்டியா?"

"என்ன?"

"கரையில ஒதுங்கின கடல்பாசிக் கோட்டைத் தாண்டித் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி பேர் சொல்லிக் கூப்பிட்டியான்னு கேக்குறேன்."

"மூச்சே இல்லாம கிடந்தா, எஃபி! நான் மூச்சைப் பார்க்கிறதா, பேரைக் கூப்பிடறதா?"

"மூணு தடவை கூப்பிடணும். அவ வாயால பதில் வரணும். அதுக்கப்புறம்தான் கரைக்குக் கொண்டு வரணும். இந்தத் தீவுல சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்."

"நான் கிளாஸ்கோ பட்டணத்துக்காரி. உங்க பாசியெல்லாம் எனக்குத் தெரியாது. என் பொண்ணு உயிரோட இருக்கா, அது போதும் எனக்கு."

"இருக்கா," என்றாள் எஃபி. பிறகு ஹெலிகாப்டர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே, "யாரோ இருக்கா," என்றாள்.

இரண்டு கோடைகளுக்கு முன், கடலில் மூழ்கிய மகளைத் தூக்கிவந்த அன்று, படகுத்துறையில், நனைந்த கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு மார்சலி கேட்ட வார்த்தை அது. கணவன் கென்னத்திடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை. ஏழு வயது ஃப்ளோரா பிழைத்துக்கொண்டாள். இப்போது ஒன்பது. பல் விழுந்து முளைத்துவிட்டது, போன வருடத்துக் காலணி எதுவும் சேரவில்லை, அப்பாவின் மட்டமான நகைச்சுவைக்கெல்லாம் சிரிக்கிறாள். ஒன்றே ஒன்றுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை. வந்து நிற்பாள். காது டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, காதில் குறையில்லை என்றார்.

"ஏன்டி, 'வரேன்'னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"அதான் வந்துட்டேனேம்மா."

மார்சலிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. மாணவன் எந்த ரவுண்டானாவில் போய் இடித்தானோ, மறுநாளே அதே ரவுண்டானாவில் அவனைப் பத்துச் சுற்று ஓட்ட வைப்பாள். பயத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் அது அங்கேயே குடித்தனம் நடத்தும் என்பாள். அதனால்தான் இந்த ஜூனில் அதே தீவு, எஃபியின் அதே மேய்ச்சல் நிலம், வெண்மணலை ஒட்டிய அதே புல்தரை.

எஃபிக்கு ஐம்பது வயதிருக்கும். ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன். அதே இடத்துலதான் கூடாரம்."

"போடு. காத்து பேயா அடிக்குது, முளையை ஆழமா அடிச்சுக்கோ." ஃப்ளோராவின் கையில் அரை டஜன் முட்டையைக் கொடுத்தாள். அவள் புல்லில் ஓடி மறையும்வரை பார்த்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இங்க இருக்கிறவரைக்கும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாத. கண்ணுன்னு கூப்பிடு, குட்டின்னு கூப்பிடு. பேர் மட்டும் வேணாம்."

"அது அவ பேரு, எஃபி. நான் வெச்ச பேரு. நான் கூப்பிடுவேன்."

முதல் நாள் மாலை கென்னத்தான் கூப்பிட்டான். வாணலியில் சாசேஜ் பொரிய, கரண்டியை ஓங்கிக்கொண்டு, "ஃப்ளோரா! சாப்பிட வா!" என்று கடல் பக்கமாகக் கத்தினான்.

"வரேம்ப்பா!"

தெளிவான, மெல்லிய, ஓடிவரும் குழந்தைக்கு மூச்சிரைப்பது போன்ற குரல், மணலின் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தது. ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த மார்சலிக்கு நெஞ்சு அப்படியே இளகிவிட்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு பதில்! இந்தக் காற்றும் இந்த இடமும் என் பொண்ணைச் சரியாக்கிவிட்டன என்று சிரித்தபடி திரும்பினாள்.

ஃப்ளோரா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மடியெல்லாம் ஓட்டுத் துண்டுகள். அவித்த முட்டை முழுசாக வாய்க்குள் இருந்தது.

வேறு யாராவது குழந்தை இருக்கும் என்று மார்சலி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் விடுமுறை நடை என்ற சாக்கில் கடற்கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தாள். வேறு கூடாரமில்லை, வேறு காலடியில்லை. மஞ்சள் பூக்கள், முயல் வளைகள், அலை ஏறி வரும் எல்லையில் ஒதுங்கிக் கறுத்துக் காய்ந்து கிடந்த பாசி ஆகியவைதான் இருந்தன. கரை முழுக்க நீண்டு, வேலி போட்டதுபோல் கிடந்தது அந்தக் கோடு. இன்னொன்றையும் அவள் கவனித்தாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை மகளின் பெயரைக் கூவும் கென்னத், இப்போது எதுவென்றாலும் எழுந்து போய் அவள் தோளைத் தொட்டான்.

மூன்றாம் நாள் மாலை ஏழு மணி. இந்த மாதத்தில் சூரியன் இறங்க இன்னும் மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் கடல் வற்றி மணல் நெடுந்தூரம் பளபளத்துக் கிடந்த பக்கத்திலிருந்து பனிமூட்டம் ஒன்று, அடுப்பில் பொங்கி வழியும் பால்போலச் சத்தமில்லாமல் புரண்டு ஏறி, முதலில் தொலைவிலிருந்த பாறைகளையும், பிறகு நீர் விளிம்பையும், அப்புறம் மணலின் பாதியையும் விழுங்கிவிட்டு, உள்ளே விளக்கேற்றிய திரைபோல வெள்ளையாக ஒளிர்ந்துகொண்டு நின்றது. நாள் முழுக்கக் கத்தித் தீர்த்த சிவப்பு அலகுப் பறவைகள் ஓய்ந்துவிட்டன. அழுகும் பாசியின் நெடியும், ஈரக் கம்பளி வாசனையும், எரிவாயு அடுப்பின் மணமும் கலந்து தொண்டையில் ஒட்டின.

ஃப்ளோரா கூடாரத்துக்குள் படம் வரைந்துகொண்டிருந்தாள். மார்சலி கென்னத்தின் அருகில் போய்க் குந்தினாள்.

"நீயும் கேட்டேல்ல?"

"கடல்நாயா இருக்கும். அது குழந்தை மாதிரிதான் கத்தும்."

"கடல்நாய் 'வரேம்ப்பா'ன்னு சொல்லுமா?"

"நல்லா வளர்த்த கடல்நாய் சொல்லும்." சிரிக்கப் பார்த்தான். சாசேஜைப் புரட்டிய கரண்டி பாதியில் நின்றது. அதைக் கீழே வைத்தான். "காலைல முதல் கப்பல்ல கிளம்பிடலாம், மார்சலி. ப்ளீஸ்டி."

"கிளம்பிப் போய்? அவ தூங்கும்போது நான் எழுந்து எழுந்து அவ முகத்தைப் பார்க்கிறேன் கென்னத், ரெண்டு வருஷமா. இது என் பொண்ணுதானான்னு பார்க்கிறேன். எந்த அம்மாவாவது அப்படிப் பார்ப்பாளா? அது அவளுக்குத் தெரியாம இருக்குமா? இன்னிக்கு இதை முடிச்சாகணும். இந்தத் தீவுக்காரங்க சட்டப்படியே முடிக்கிறேன்."

"எந்தச் சட்டம்?"

படகுத்துறையில் எஃபி சொன்னதை அப்போதுதான் அவனிடம் சொன்னாள். கென்னத்தின் முகம் வெளுத்தது. "வேணாம்டி," என்றான்.

"ஒரு பாசி வந்து என் பொண்ணு யாருன்னு எனக்குச் சொல்றதா? நீ இங்கேயே இரு. அடுப்பைப் பார்த்துக்கோ."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கினாள். அந்தக் கை வெதுவெதுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக, விரல்களில் நீல நிறக் க்ரேயான் ஒட்டி, எல்லாக் குழந்தைகளின் கையையும் போலவே இருந்தது. பாசிக்கோடு வந்ததும் ஃப்ளோரா நின்றுவிட்டாள்.

"தாண்டி அந்தப் பக்கம் நில்லுடா கண்ணு. நான் இங்க நின்னு கூப்பிடுவேன். 'வரேன்'னு சொல்லிட்டு வந்துடணும். அவ்வளவுதான். விளையாட்டு மாதிரி."

"நான்தான் இங்கேயே இருக்கேனேம்மா."

"எனக்காகடி. ஒரே ஒரு தடவை."

ஃப்ளோரா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பாசியைத் தாண்டி, இரண்டடி தள்ளி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவளுக்குப் பின்னால் பத்தடியில் பனி தொடங்கியது. மார்சலி திரும்பிப் பார்த்தபோது, பின்னாலும் பனி சூழ்ந்து கூடாரம் தெரியவில்லை. அடுப்பின் சீறல் மட்டும் மெலிதாகக் கேட்டது.

"ஃப்ளோரா!"

ஃப்ளோரா உதடுகளை இறுக்கிக்கொண்டாள். பாசியிலிருந்து மணல் ஈக்கள் குபீரென்று எழும்பி அடங்கின. எங்கோ ஓர் அலை தயங்கித் தயங்கி உடைந்தது. அப்புறம், பனிக்குள், வெகு தூரத்தில்.

"வரேம்மா."

மார்சலி பனிக்குள் உற்றுப் பார்த்தாள். பின்வாங்கியிருக்கலாம். மகளை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் இரண்டு வருடப் பயம் அந்தக் கணத்தில் கோபமாகத் திரண்டு அவள் தொண்டைக்கு வந்தது.

"உன்னைக் கூப்பிடலை!" என்று பனியைப் பார்த்துக் கத்தினாள். "என் பொண்ணைக் கூப்பிடறேன். ஃப்ளோரா!"

"வரேம்மா!"

பக்கத்தில். இன்னும் பக்கத்தில். ஈர மணலில் சின்னப் பாதங்கள். சளக். சளக். சளக். ஓடவில்லை. களைத்துப்போய் நடந்தன.

ஃப்ளோரா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண்கள் அம்மாவின் முகத்திலேயே இருந்தன. கன்னத்தில் நீர் இறங்கியது. இரண்டு வருடத்தில் அவள் அழுது மார்சலி பார்த்ததில்லை.

"கூப்பிடாதம்மா," என்றாள் மெதுவாக. "அவ வந்துடுவா."

"வரட்டும்டி." மார்சலி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "யாருன்னு பார்த்துடலாம். நான் இருக்கேன்ல?"

மூன்றாவது முறை கூப்பிட்டாள்.

பதில் இல்லை.

பாதங்களின் சத்தம் மட்டும். பிறகு அதுவும் நின்றது.

மார்சலி பாய்ந்தாள். பாசிக்கு மேலாகக் குனிந்து, ஒன்பது வயதுக் குழந்தையை ஒரே தூக்காகத் தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து, இடுப்பில் இருத்தி இறுக்கினாள். கனத்தாள். நெஞ்சு நெஞ்சோடு அடித்தது. ஃப்ளோரா இரு கைகளாலும் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பதில் சொல்லாட்டிப் போகுது!" மார்சலி கத்தினாள். "கேட்டுக்கோ! இவளுக்குச் சோறு போட்டது நான். காய்ச்சல்ல ராத்திரியெல்லாம் மடியில வெச்சிருந்தது நான். யாரா இருந்தாலும் இவ என் பொண்ணு! தர மாட்டேன்! யாருக்கும் தர மாட்டேன்!"

பனி கொஞ்சம் விலகியது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுமி நின்றிருந்தாள். சின்னவள். ஏழு வயதுக்கு மேல் இருக்காது. சிவப்புச் சட்டை உப்பில் வெளிறி உடம்போடு ஒட்டியிருந்தது. கால் விரல்கள் நீலம். அவை பாசியைத் தொடும் இடத்தில் கவனமாக நின்றிருந்தன. முடியில் மணல். முடியிலிருந்து நீர். நிற்காமல் நீர்.

இடது முழங்காலில் ஒரு பிளாஸ்திரி. பென்குயின் படம் போட்டது.

மார்சலி அந்தப் படத்தையே பார்த்தாள். அந்த விபத்து நாளின் காலையில், கூடாரக் கயிறு தடுக்கி விழுந்தவளுக்கு அவள்தான் அதை ஒட்டினாள். முத்தம் கொடுத்து ஒட்டினாள். மருத்துவமனையில் கண்விழித்த ஃப்ளோராவின் முழங்காலில் பிளாஸ்திரி இல்லை. சிராய்ப்பும் இல்லை. வழவழவென்று இருந்தது. போர்வையை இழுத்து அதை மூடியதும் அவள்தான். யாரிடமும் சொல்லாமல். தனக்கே சொல்லாமல்.

இடுப்பிலிருந்தவளின் பிடி இறுகியது.

மார்சலி ஓடவில்லை. குழந்தையை இறக்கிவிடவும் இல்லை. அப்படியே நின்றாள்.

சிறுமி நிமிர்ந்து இடுப்பிலிருந்தவளைப் பார்த்தாள். கோபமில்லை. பிறகு மார்சலியைப் பார்த்தாள். இரண்டு கைகளையும், ரொம்ப நேரம் நடந்து கால் வலித்த குழந்தை தூக்குவதுபோல, மேலே தூக்கினாள்.

"குளிருதும்மா," என்றாள். "என்னையும் தூக்கிக்கோ."