குப்புறக் கிடந்த கல்

மற்ற தாள்களெல்லாம் காய்ந்து கொடியில் சலசலத்துக்கொண்டிருந்தன. கடைசியில் தொங்கிய தாள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

சாலையோரத்துப் பழங்கற்களை அருங்காட்சியகத்துக்காகப் படி எடுப்பது அவள் வேலை. எல்லைக்கல், மைல்கல், குதிரைகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி என்று எதையும் விடுவதில்லை. கல்லைக் கழுவி, நனைத்த தடித்த தாளை அதன்மேல் விரித்து, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கினால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தையும் தாள் வாங்கிக்கொள்ளும். காயும்வரை கல்லிலேயே விட்டுவைத்து அப்புறம்தான் உரிக்க வேண்டும். இன்று மழை பிடித்துக்கொண்டது. கடைசித் தாளை ஈரமாகவே உரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்தக் கல் வாய்க்கால் ஓரம் குப்புறக் கிடந்தது. அவள் கணவன்தான் கடப்பாரை போட்டுப் புரட்டினான். அடியில் ஒரு கீறல்கூட இல்லை. வழுவழுவென்று, நடுவில் லேசாகக் குழிந்திருந்தது.

"இதுல என்னத்தப் படி எடுக்கப் போற? சவரம் பண்ணின மண்டை மாதிரி இருக்கு."

"தேய்ஞ்சிருக்கும். தாள்ல தெரியும், பாருங்க."

"உங்க ஆபீசர் மூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவலாம்" என்றவன், வியர்வை வழிந்த முகத்தை விளையாட்டாக அந்தக் குழிக்குள் வைத்தான். "அம்மாடி, என்ன குளிர்ச்சி."

இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தான். அதே குழியில்தான் அவள் கடைசித் தாளை விரித்தாள்; அதை உரித்ததும் மழையில் கரை சரிந்து கல்லை மண் மூடிவிட்டது.

இப்போது ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்தி வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. நனைந்த சட்டையின் வாடையும் ஊறிய காகிதத்தின் புளித்த வாடையும் அறையில் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

"என்னங்க, டீ போடட்டுமா?"

"வேணாம்மா. மூஞ்சி மரத்துப் போச்சு. பல் டாக்டர் ஊசி போட்டாப்ல." பேச்சு குழறியது.

அவள் கொடியருகே போனாள். தாளில் ஏதோ மேடிட்டிருந்தது. எழுத்துதான் என்று குனிந்தாள். புருவம். இடப்பக்கம் கொஞ்சம் கோணிய மூக்கு. பழைய தையல் தழும்பு ஓடிய மோவாய். இருபது வருஷமாகப் பக்கத்துத் தலையணையில் அவள் பார்த்து விழிக்கிற முகம்.

"என்னங்க."

பதில் நாற்காலியிலிருந்து வரவில்லை.

"இங்க இருக்கேன்" என்றது தாள்.

நாற்காலியில் இருந்தவன் திரும்பினான். காது இருந்தது. முடி இருந்தது. நடுவில் எதுவுமில்லை. வழுவழுவென்று, லேசான குழி.

அவளுக்கு அலறத் தோன்றவில்லை. உடம்பு தூரத்தில் எங்கோ நின்றுகொண்டிருப்பது போலிருந்தது.

தாளின் ஓரம் காயத் தொடங்கியிருந்தது. காய்ந்த இடத்தில் நெற்றி அசையாமல் இறுகியது.

"தண்ணி" என்றது வாய்.

தெளித்தாள். கண்கள் அசைந்தன. மறுபடி காய்ந்தது. மறுபடி தெளித்தாள். ஊறிய தாள் கனம் தாங்காமல் கீழே இழுத்தது. இமை நீண்டது. கன்னம் கிழியத் தொடங்கியது. காய்ந்தால் போய்விடுவான். நனைத்தால் கிழிந்துவிடுவான்.

இரண்டு கையிலும் தாளை ஏந்திக்கொண்டு போய் அவனுடைய வெறும் முகத்தில் ஒட்டினாள். பிரஷ்ஷை எடுத்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். தட்டினாள். மூக்கைத் தட்டினாள். கண்ணைத் தட்டினாள். அவன் குழந்தைபோல முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

பிடிக்கவில்லை.

நழுவியது. கூழானது. அவன் மடியிலும் தரையிலும் வெள்ளைக் கூழ். அள்ளி அள்ளி வைத்தாள். நிற்கவில்லை. அவன் கைகள் நாற்காலியிலிருந்து மெதுவாகத் தொங்கின.



வலது உள்ளங்கையில் ஏதோ குறுகுறுத்தது. விரித்துப் பார்த்தாள். தாளின் ஒரு துண்டு அவள் தோலோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் நெம்பினாள், விளிம்பே இல்லை.

உதடுகள் பிரிந்தன. உள்ளே ஈரமாகப் பற்கள்.

"எந்திரிக்க முடியலம்மா" என்றது அவன் குரல். "எம் மேல யாரு இவ்ளோ மண்ணைப் போட்டது?"